கபோட்டியா, டிடியனா, டெஸ்மண்டா, ஃபாடிமனா: அமெரிக்காவை எந்த வாசல் வழியாகப் படிப்பது?

எங்கள் வாசிப்புக் குழுவில் ஏழு பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவோம், டீயும் வடையும் முடிந்த பிறகுதான் புத்தகம் மேஜைக்கு வரும். போன கூட்டத்தில், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா ஒருவர் கேட்டார்: "அமெரிக்கான்னா சினிமாவுல பார்த்தது, சொந்தக்காரங்க அனுப்புற போட்டோவுல பார்த்தது, அதத் தாண்டி நமக்கு என்ன தம்பி தெரியும்? கதையும் வேண்டாம், வரலாறும் வேண்டாம். அங்க ஜனங்க எப்படிப் பொழைக்கிறாங்கன்னு உள்ள போய்ப் பார்த்து எழுதின புத்தகம் ஒண்ணு சொல்லுங்க, மூணு மாசம் அதையே படிப்போம்." நான் மூச்சு விடாமல் ஆறு பெயர் சொன்னேன். "ஒண்ணுதான் கேட்டேன்" என்றார்.

ஆறை ஒன்றாக்குவதற்குள் எனக்கு இரண்டு வாரம் ஓடிவிட்டது. அந்த யோசனையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன், இதே கேள்வியோடு இருக்கும் வேறு யாருக்காவது பயன்படலாம்.

அக்கா கேட்ட வகை எழுத்துக்கு அமெரிக்காவில் நீண்ட மரபு உண்டு. நிருபர் ஒரு நாள் போய்ப் பேட்டி எடுத்துத் திரும்புவதில்லை, மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் அங்கேயே கிடக்கிறார், பிறகு நாவலைப் போலக் காட்சி காட்சியாக எழுதுகிறார், ஆனால் எதையும் கற்பனை செய்யக்கூடாது என்பது ஒப்பந்தம். 1946 ஆகஸ்ட் 31 இதழ் முழுவதையும் நியூயார்க்கர் பத்திரிகை ஹிரோஷிமாவில் பிழைத்த ஆறு பேரைப் பற்றி ஜான் ஹெர்சி எழுதிய ஒரே கட்டுரைக்கு ஒதுக்கியது. அறுபதுகளில் டாம் வுல்ஃப், கே டலீஸ், ஹண்டர் தாம்சன் என்று ஒரு கூட்டமே வந்தது, அதற்குப் 'புதிய இதழியல்' என்று பெயரும் விழுந்தது. இலக்கிய இதழியல், அபுனைவு என்று நாம் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம். எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே கேள்விதான்: எழுதியவர் எப்படி உள்ளே போனார்? எட்ட நின்று பார்த்தாரா, வேஷம் போட்டாரா, பக்கத்து அறையில் குடியேறினாரா, இரண்டு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்தாரா? எந்த வாசல் வழியாகப் போனாரோ, அந்த வாசலிலிருந்து தெரிகிற அமெரிக்காதான் நமக்கும் கிடைக்கும்.

முதலில் கபோட்டியைத் தள்ளிவிடுகிறேன். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ட்ரூமன் கபோட்டியின் 'இன் கோல்ட் பிளட்' என்பதால் இதற்குக் காரணம் சொல்ல வேண்டும். 1959 நவம்பர் 15 அன்று கான்சாஸ் மாநிலத்தில் ஹோல்கம் என்ற சின்ன ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கபோட்டி பத்திரிகையில் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, பால்ய சிநேகிதி ஹார்ப்பர் லீயைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். கொலை செய்த இருவரும் 1965 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார்கள், அந்த வருடமே நியூயார்க்கரில் தொடராக வந்து, 1966-ல் புத்தகமானது. எழுத்து அபாரம், கோதுமைச் சமவெளியின் அந்த வெறுமையை இப்போது நினைத்தாலும் கண்ணில் நிற்கிறது. ஆனால் பேட்டியின்போது குறிப்பும் எடுக்கவில்லை, டேப்பும் வைக்கவில்லை, கேட்டதை மனதில் வாங்கிக்கொண்டு போய் அறையில் உட்கார்ந்து எழுதினேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட மனிதர் அவர். பின்னால் மற்றவர்கள் கான்சாஸுக்குப் போய் விசாரித்தபோது பல இடங்கள் பொருந்தவில்லை. புத்தகத்தின் கடைசியில் வழக்கை விசாரித்த துப்பறிவாளர் கல்லறைத் தோட்டத்தில், கொல்லப்பட்ட பெண்ணின் தோழியைச் சந்திக்கும் காட்சி நடக்கவே இல்லை. நான் முதல் தடவை படித்தபோது கண் கலங்கியது அந்தக் காட்சிக்குத்தான் என்பதால் எனக்கு இது கொஞ்சம் சொந்தக் கோபமும்கூட. அதையும் மன்னிக்கலாம். ஆனால் ஒரு தேசத்தை முதல் முதலாகக் கொலை வழியாகப் பார்ப்பது, காலைப் பத்திரிகையின் குற்றச் செய்திப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நம் ஊரை எடை போடுவது மாதிரி. நான்காவது புத்தகமாகப் படியுங்கள், ஆசையாகப் படியுங்கள்.

அடுத்தது ஜோன் டிடியன். 1968-ல் வந்த 'ஸ்லவுச்சிங் டுவர்ட்ஸ் பெத்லஹேம்' கட்டுரைத் தொகுப்பு. என் இருபதுகளில் இதைத்தான் முதலில் வாங்கினேன், பாதியில் வைத்துவிட்டேன். காரணம் அப்போது தெரியவில்லை, ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அது காரணமே இல்லை. டிடியன் கலிஃபோர்னியாவில் சாக்ரமென்டோவில் பிறந்து வளர்ந்தவர், ஊர் தெரிந்த ஆளுக்கு எழுதுகிறார். நடிகர் ஜான் வெய்ன் என்றால் ஒரு தலைமுறைக்கு என்ன அர்த்தம், சான் பெர்னார்டினோ பள்ளத்தாக்கில் சான்டா அனா காற்று அடித்தால் மனிதர்களுக்கு ஏன் கிறுக்குப் பிடிக்கிறது, இதெல்லாம் அவர் போகிற போக்கில் சொல்லுவார், சொல்லாமல் விடுவது அதைவிட அதிகம். அந்த மௌனத்தை நிரப்பிக்கொள்ளும் சரக்கு நம்மிடம் முன்பே இருந்தால்தான் ரசிக்க முடியும். புதிதாகக் கல்யாணமாகி வந்த வீட்டில் எல்லாரும் பழைய சம்பவம் ஒன்றைப் பாதி சொல்லிச் சிரிக்கும்போது நமக்கு மட்டும் எதுவும் புரியாமல் இருக்குமே, அந்த நிலைதான்.

தலைப்புக் கட்டுரை 1967-ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஹெய்ட்-ஆஷ்பரி பகுதியில் கூடிக் கிடந்த ஹிப்பிப் பிள்ளைகளைப் பற்றியது. வீட்டை விட்டு ஓடி வந்த பதின்வயதுப் பிள்ளைகள், போதை, யாருக்கும் யாரும் பொறுப்பில்லாத ஒரு வாழ்க்கை. கடைசிப் பக்கங்களில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று எல்எஸ்டி போதையில் உட்கார்ந்திருக்கிறது, டிடியன் பார்க்கிறார், எழுதுகிறார். பல வருடம் கழித்து, அவரைப் பற்றிய ஆவணப்படத்தில், அந்தக் குழந்தையைப் பார்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்கிறார்கள். சற்று யோசித்துவிட்டு, அது தங்கம் என்கிறார். எழுத்தாளராக அவருக்கு அது தங்கம். இதைக் கேட்டு அவரை வெறுத்தவர்களும் உண்டு, இவ்வளவு நேர்மையாக யார் சொல்வார்கள் என்று மெச்சியவர்களும் உண்டு, நான் வாரத்துக்கு வாரம் கட்சி மாறுகிறேன். எட்ட நின்று பார்ப்பவரின் பலமும் பலவீனமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. அமெரிக்கா ஓரளவு பழகிய பிறகு டிடியனிடம் வாருங்கள், அவரைப் போல வாக்கியம் எழுதுபவர் குறைவு. முதல் புத்தகத்துக்கு இவர் சரிப்பட மாட்டார்.

குழுவில் வங்கி ஊழியர் ஒருவர் பார்பரா எரன்ரைக்குக்கு ஓட்டுப் போட்டார். 'நிக்கல் அண்ட் டைம்ட்', 2001-ல் வந்தது. நியாயமான தேர்வுதான், இந்த வரிசையிலேயே மிக எளிய ஆங்கிலம், சிரிக்கச் சிரிக்க எழுதியது, 300 பக்கத்துக்குள் முடிந்துவிடும். எரன்ரைக் உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், பெயர் பெற்ற எழுத்தாளர். அடிமட்டக் கூலியில் ஓர் ஆள் வாழ முடியுமா என்று யாராவது போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் சாப்பாட்டு மேஜையில் பேச்சுவாக்கில் சொல்லப்போய், அவர் நீயே போ என்று சொல்லிவிட்டார். ஃபுளோரிடாவின் கீ வெஸ்டில் சர்வர் வேலை, மணிக்கு 2.43 டாலரும் டிப்ஸும். மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில் வீடு சுத்தம் செய்யும் கம்பெனியில் வேலை, கம்பெனி வாடிக்கையாளரிடம் ஓர் ஆளுக்கு மணிக்கு 25 டாலர் வாங்கிக்கொண்டு, முழங்காலிட்டுத் தரை துடைப்பவருக்கு 6.65 டாலர் கொடுக்கிறது. மினியாபொலிஸில் வால்மார்ட், மணிக்கு 7 டாலர், பெண்கள் துணிப் பிரிவில் கலைந்து கிடக்கும் துணிகளைத் திரும்பத் திரும்ப மாட்டி வைப்பதே நாள் முழுக்க வேலை.

இதில் எனக்கு மறக்காத இடம் ஒன்று. கீ வெஸ்டில் கூட வேலை செய்பவர்கள் மோட்டலில் நாள் வாடகைக்குத் தங்கியிருக்கிறார்கள், ராத்திரிக்கு 60 டாலர் வரை போகிறது. மாத வாடகைக்கு வீடு பிடித்தால் பாதியில் முடியுமே, ஏன் இப்படி என்று எரன்ரைக் அவர்களில் ஒருத்தியிடம் கேட்க, அவள் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்க்கிறாள். ஒரு மாத வாடகையும் ஒரு மாத டெபாசிட்டும் மொத்தமாகக் கொடுக்க நான் எங்கே போவேன்? சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் புரட்டத் தெரியாமல் முழித்த யாருக்கும் இந்த இடத்தில் விளக்கவுரை வேண்டாம். இல்லாதவனுக்கு எல்லாமே விலை அதிகம்.

வேஷத்தின் சங்கடமும் இந்தப் புத்தகத்தில்தான் நன்றாகத் தெரியும். அவருக்குக் கார் உண்டு, வங்கி அட்டை உண்டு, பட்டினி கிடக்க மாட்டேன் என்று விதி வைத்துக்கொண்டுதான் இறங்குகிறார், முடியவில்லை என்றால் கிளம்பிப் போய்விடலாம். இதை அவரே முதல் பக்கங்களில் ஒத்துக்கொள்கிறார். கடைசியில், நான் உண்மையில் எழுத்தாளர் என்று சக ஊழியர்களிடம் சொல்லும்போது பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை, அப்படியானால் அடுத்த வாரம் ஈவினிங் ஷிஃப்டுக்கு நீ வர மாட்டாயா என்பதுதான் ஒருத்தியின் கவலை. நல்ல புத்தகம். ஆனால் முழுக்க ஒரே குரல், ஒரு படித்த வெள்ளைக்காரப் பெண்மணியின் ஆச்சரியம், பக்கத்தில் இருக்கும் மனிதர்கள் வந்து வந்து போகிறார்கள், யாரோடும் நாம் 50 பக்கம் சேர்ந்து நடப்பதில்லை. வேஷத்தில் இன்னும் ஆழமாகப் போன டெட் கானவர் உண்டு: சிறைக்காவலர் பயிற்சியைப் பார்க்க நியூயார்க் மாநில அதிகாரிகள் அனுமதி மறுத்தார்கள் என்று தானே தேர்வெழுதிக் காவலராகிச் சிங் சிங் சிறையில் ஏறக்குறைய ஒரு வருடம் வேலை பார்த்து 'நியூஜாக்' எழுதினார், 2000-ல். சிறையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு அது. எரன்ரைக் எழுதி இத்தனை வருடமாயிற்றே, காலாவதியாகிவிட்டதா என்று கேட்டால், அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-ல் மணிக்கு 7.25 டாலர் ஆனது, அதற்குப் பிறகு ஏறவே இல்லை.

சரி, இனி உண்மையான போட்டி. இறுதியில் இரண்டு பேர்தான் நின்றார்கள்.

மேத்யூ டெஸ்மண்டின் 'எவிக்டட்', 2016. அடுத்த வருடம் புலிட்சர் பரிசு வாங்கியது. விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரம், 2008, 2009 காலம், எட்டுக் குடும்பங்கள், எல்லாருடைய கதையும் வாடகை வீட்டைக் காலி செய்ய வைக்கப்படுவது. டெஸ்மண்ட் சமூகவியல் ஆய்வாளர். முதலில் நகரத்தின் தெற்கே ஏழை வெள்ளைக்காரர்கள் இருக்கும் டிரெய்லர் பார்க்கில், அதாவது வண்டி மாதிரி இழுத்து வந்து நிறுத்திய தகர வீடுகளின் குடியிருப்பில், ஒரு டிரெய்லரை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார், பிறகு வடக்கே கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் ஓர் அறை. கட்டில் மேஜை ஏற்றும்போது கூடப் போனார், கோர்ட்டுக்குப் போனார், இறுதிச் சடங்குக்குப் போனார். ஆனால் புத்தகத்தில் அவரைக் காணவே முடியாது. 'நான்' என்ற சொல் கடைசியில், எப்படி எழுதினேன் என்று விளக்கும் பகுதியில்தான் வருகிறது. கபோட்டிக்கு நேர் எதிர்: பேச்சை ஒலிப்பதிவு செய்தார், தகவல் சரிபார்ப்பவரை வைத்துச் சரிபார்த்தார், மனிதர்களின் பெயர்களை மட்டும் மாற்றினார்.

தொடக்கமே பாருங்கள். ஜனவரிக் குளிர், ஒரு பையன் போகிற காரின் மேல் பனிக்கட்டி உருண்டையை வீசுகிறான். காரை நிறுத்தி இறங்கிய ஆள் துரத்தி வந்து வீட்டுக் கதவை உதைத்து உடைக்கிறான். கதவு உடைந்ததால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிடுகிறார். ஆர்லீன் என்று புத்தகத்தில் பெயர் கொடுக்கப்பட்ட அந்தத் தாய், இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறாள். பிறகு அவளுக்குக் கிடைக்கும் வீட்டின் வாடகை 550 டாலர், அவளுக்கு வரும் அரசு உதவித்தொகை மாதம் 628 டாலர். கணக்குப் போட்டால் 88 சதவீதம் வாடகைக்கே போகிறது. மீதியில் மின்சாரம், செருப்பு, ஒரு மரணம் நேர்ந்தால் அந்தச் செலவு, எல்லாம். புத்தகத்தின் பின்பகுதியில் அவள் பையன்களோடு வீடு தேடி 80-க்கும் மேற்பட்ட வீட்டுக்காரர்களுக்குப் போன் போடுகிறாள். குழந்தை இருக்கிறதா? இருக்கிறது. அப்படியானால் வேண்டாம்.

காலி செய்யும் நாளில் ஷெரிஃபின் ஆட்களும் சாமான் தூக்குகிறவர்களும் வந்து கேட்பது ஒன்றுதான்: லாரியா, நடைபாதையா? லாரி என்றால் சாமான் கிடங்குக்குப் போகும், மாதாமாதம் கட்டணம் கட்டாவிட்டால் போனது போனதுதான். நடைபாதை என்றால் எல்லாம் தெருவில். இதை நம் ஊர்க் கண்ணோடு படிக்கும்போது எனக்கு உறைத்தது, அந்தத் தெருவில் யாரும் வந்து சண்டை போடுவதில்லை, பெரியவர் ஒருவர் நடுவில் புகுந்து ஒரு வாரம் பொறுங்கள் என்பதில்லை. எல்லாம் காகிதப்படி, சத்தமில்லாமல், மரியாதையோடுகூட நடந்து முடிகிறது. அமெரிக்காவைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருந்தது இந்தச் சத்தமின்மைதான். இன்னொரு விஷயம்: ஒரே வீட்டிலிருந்து போலீஸை அடிக்கடி கூப்பிட்டால் வீட்டுக்காரருக்கு நகராட்சி நோட்டீஸ் அனுப்பும் என்று அப்போது அங்கே ஒரு விதி இருந்தது. வீட்டுக்காரர் என்ன செய்வார்? கணவனிடம் அடி வாங்கிப் போலீஸைக் கூப்பிட்ட பெண்ணைக் காலி செய்யச் சொல்வார். சத்தத்தைக் குறைக்கப் போட்ட விதி அடி வாங்கியவளைத் துரத்துகிறது.

வீட்டுக்காரர்களையும் அவர் வில்லனாக்கவில்லை. அதில் ஒருத்தி கறுப்பினப் பெண், முன்னாள் பள்ளி ஆசிரியை, வாடகைக்காரருக்கு ஒரு நாள் மளிகை சாமான் வாங்கிக் கொடுப்பாள், இன்னொரு நாள் கோர்ட்டில் வழக்குப் போடுவாள். டிரெய்லர் பார்க்கில் ஒரு வயதான பெண்மணி உணவு உதவித்தொகை மொத்தத்தையும் ஒரே வேளை லாப்ஸ்டர் சாப்பாட்டில் கரைத்துவிடுகிறாள். படிக்கிற நமக்கே கோபம் வரும். இப்படி வீணாக்கினால் எப்படி உருப்படும் என்று நாமே வாய் விட்டுச் சொல்லும் நேரத்தில் டெஸ்மண்ட் திருப்புகிறார்: வீணாக்குவதால் அவள் ஏழையாகவில்லை, எவ்வளவு சேமித்தாலும் கரையேற வழியில்லாத ஏழை என்பதால் வீணாக்குகிறாள். அந்த அத்தியாயத்தை வைத்து மட்டும் ஒரு கூட்டம் நடத்தலாம், சண்டை வரும்.

அப்படியானால் இதுவே போதுமே? படிப்புக்கோ வேலைக்கோ அங்கே போய் வாடகைக்கு இருக்கப்போகிறவர் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அக்காவின் கேள்வி வேறு. 'எவிக்டட்' அமெரிக்காவின் வறுமையை உள்ளிருந்து காட்டுகிறது, அமெரிக்காவை வெளியிலிருந்து பார்க்கும் கண் அதில் இல்லை. அங்கே துன்பப்படுகிறவர்களும் அமெரிக்கர்கள், துன்பப்படுத்துகிறவர்களும் அமெரிக்கர்கள், பார்க்கிறவரும் அமெரிக்கர். அவர்களுக்கு இயல்பாகத் தோன்றுவது எதுவும் கேள்விக்கு வருவதில்லை.

அந்தக் கண் இருப்பது ஆன் ஃபாடிமனிடம். 1997-ல் வந்த 'தி ஸ்பிரிட் கேட்சஸ் யூ அண்ட் யூ ஃபால் டவுன்'. ஆவி பிடிக்கிறது, நீ விழுகிறாய் என்று அர்த்தம். வலிப்பு நோய்க்கு ஹ்மாங் மொழியில் 'கௌ டா பே' என்று பெயர், அதன் நேர்ப்பொருள்தான் தலைப்பு. ஹ்மாங் என்பவர்கள் லாவோஸ் மலைகளில் வாழ்ந்த மக்கள். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ அவர்களை ரகசியப் படையாக வைத்துச் சண்டை போட்டது. 1975-ல் அமெரிக்கா கிளம்பிவிட்டது, இவர்கள் மேகாங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்கு ஓடி, அங்கிருந்து அமெரிக்காவுக்கு அகதிகளாக வந்தார்கள். அப்படி வந்த ஒரு குடும்பம் கலிஃபோர்னியாவின் மெர்செட் நகரத்தில் இருக்கிறது. 1982-ல் பிறந்த லியா என்ற பெண் குழந்தைக்கு மூன்றாவது மாதத்தில் வலிப்பு வருகிறது. குழந்தையின் அக்கா கதவை ஓங்கிச் சாத்தினாள், அந்தச் சத்தத்தில் குழந்தையின் ஆன்மா பயந்து ஓடிவிட்டது, இது பெற்றோரின் நோயறிதல். டாக்டர்களுடையது எபிலெப்சி.

இரண்டு தரப்புமே குழந்தைக்காக உயிரை விடுகிறது, அதுதான் கொடுமை. டாக்டர்கள் கணவன் மனைவி, நடுராத்திரி தூக்கத்தை விட்டு எழுந்து வருகிறவர்கள், நாலு வருடத்துக்குள் 20 தடவைக்கு மேல் மருந்துச் சீட்டை மாற்றி எழுதியவர்கள். பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சீட்டில் இருப்பதைப் படிக்க முடியாது, மருந்து கொடுத்தால் குழந்தை மந்தமாகிறது என்று நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் ஆன்மாவை மீட்கப் பன்றி அறுத்துப் பூசை செய்யக் கையில் இருக்கும் காசெல்லாம் செலவழிக்கிறார்கள். மருத்துவமனையில் பல நேரம் மொழிபெயர்ப்பாளரே இல்லை. கடைசியில் மருந்து கொடுக்கவில்லை என்ற காரணத்தால் டாக்டரே குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்கு எழுத, குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்ப்பு வீட்டில் வைக்கிறார்கள். அந்த வளர்ப்புத் தாய் என்ன செய்கிறாள் தெரியுமா? லியாவின் அம்மாவைப் பார்த்துப் பழகி, தன் சொந்தக் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவளிடமே விட்டுவிட்டுப் போகிறாள். பிள்ளை வளர்க்கத் தகுதியில்லை என்று அரசு முடிவு செய்த அதே அம்மாவிடம்.

இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். கடைசியில் வரும் ஒரு மருத்துவ விளக்கம், யார் மேல் தப்பு என்று நாம் அதுவரை போட்ட கணக்கையெல்லாம் கலைத்துவிடும் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஏன் இது முதல் புத்தகம்? நம் ஊரில் வலிப்பு வந்து ஒருவர் விழுந்தால் முதலில் என்ன செய்கிறோம்? கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம், படித்தவர்களும் திணிக்கிறார்கள், பஸ் நிலையத்தில் நானே பார்த்திருக்கிறேன். குழந்தை ராத்திரியில் வீறிட்டால் மந்திரித்துக் கயிறு கட்டுவோம், காலையில் டாக்டரிடமும் போவோம், இரண்டுக்கும் நடுவில் சண்டை இருப்பதாக நமக்குத் தோன்றுவதே இல்லை. முதல் அத்தியாயத்தில் ஹ்மாங் வீட்டில் பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியை வீட்டுக்குள்ளேயே புதைப்பார்கள், இறந்த பிறகு ஆன்மா தான் பிறந்த இடத்துக்குத் திரும்பி அந்தக் கொடியைச் சட்டை மாதிரி அணிந்துகொண்டுதான் மேலே போக முடியும் என்று வருகிறது. லியா அந்தக் குடும்பத்தில் அமெரிக்க ஆஸ்பத்திரியில் பிறந்த முதல் பிள்ளை, அவளுடைய கொடி எரித்துச் சாம்பலாக்கப்படுகிறது. தொப்புள்கொடி புதைத்த மண் என்று பேச்சுவாக்கில் சொல்லும் ஒரு மொழிக்காரருக்கு இது விநோதமாகவே படாது. அமெரிக்க வாசகர் இந்தப் புத்தகத்தில் டாக்டர் பக்கம் நின்று கொண்டு ஹ்மாங் மக்களைப் புரிந்துகொள்ளப் போராடுகிறார். நாம் மறுபக்கத்திலிருந்து உள்ளே வருகிறோம், நமக்குப் புரிந்துகொள்ள வேண்டிய விசித்திரமான குடி டாக்டர்கள்தான். அட்டவணைப்படி மருந்து, கையெழுத்து, வழக்குப் பதிவு, சொன்னதைச் செய்யாதவர் என்று கோப்பில் எழுதி வைப்பது, குழந்தை பெற்றோருடையது மட்டுமில்லை என்ற நம்பிக்கை, இதெல்லாமும் சடங்குகள்தான், இதெல்லாமும் நம்பிக்கைகள்தான் என்று பக்கத்துக்குப் பக்கம் தெரிய ஆரம்பிக்கிறது. அமெரிக்கக் கலாச்சாரம் என்பதை அமெரிக்கர்களின் சாப்பாடு, உடை, பண்டிகை என்று தேடாமல் அவர்களுடைய ஆஸ்பத்திரிக்குள் தேடிக் கண்டுபிடிக்கும் புத்தகம் இது. டிடியனிடம் இதைத் தேடினால் கிடைக்காது, அவருக்கு அது தன் வீடு.

குறைகளும் உண்டு. போர், வரலாறு, புராணம் என்று கதை நடுநடுவே விலகிப் போகும், லியாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டிய நேரத்தில் லாவோஸ் மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் தெரிந்தேதான் செய்கிறார். ஒரு ஹ்மாங் மாணவன் மீன் சூப் வைப்பது பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டியவன், எந்தத் தூண்டில், எந்த ஆறு என்று தொடங்கி முக்கால் மணி நேரம் பேசுவதை இரண்டாவது அத்தியாயத்தில் சொல்லி, நானும் அப்படித்தான் எழுதப்போகிறேன் என்று சாடையாகச் சொல்லிவிடுகிறார். இன்னொரு குறை கொஞ்சம் கனமானது. எவருக்கும் அடங்காத மலைக்குடி என்று ஒரே சித்திரத்தை ஹ்மாங் மக்கள் மேல் ஒட்டிவிட்டார் என்று ஹ்மாங் ஆய்வாளர்களே விமர்சித்திருக்கிறார்கள். அதில் உண்மை உண்டு. புத்தகத்தில் இருப்பது எண்பதுகளின் மெர்செட். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தங்கம் வென்ற சுனி லீ மினசோட்டாவில் வளர்ந்த ஹ்மாங் பெண் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

இசபெல் வில்கர்சனின் 'தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்' ஏன் கடைசிச் சுற்றில் இல்லை என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். தகுதியில் அது எதற்கும் குறைந்ததில்லை. 1915-லிருந்து 1970 வரை தெற்கு மாநிலங்களை விட்டு வடக்குக்கும் மேற்குக்கும் போன சுமார் 60 லட்சம் கறுப்பின மக்களின் கதையை மூன்று பேர் வழியாகச் சொல்கிறது, 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசிவிட்டுத் தேர்ந்தெடுத்த மூன்று பேர். அதில் ஒரு சர்ஜன், 1953-ல் லூசியானாவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போகிறார், அரிசோனாவில் ஒரு மோட்டல்கூட அவருக்குப் படுக்க அறை தராது. கண் சொருகச் சொருக ஓட்டிக்கொண்டே போகும் அந்த ராத்திரியை நம் ஊர் வாசகர் எந்த முன்னுரையும் இல்லாமல் புரிந்துகொள்வார், இரண்டாவது டம்ளரும் தனித் தெருவும் தெரிந்த ஊர்தானே. வில்கர்சன் அடுத்து எழுதியதே சாதியைப் பற்றித்தான். ஆனால் 500 பக்கத்துக்கு மேல் போகிறது, மூன்று மாதத்தில் ஏழு பேரும் முடிப்பார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை, எங்களைப் பற்றி எனக்குத் தெரியும். அடுத்த வருடத்துக்கு அதுதான்.

வாங்குவதற்கு முன் ருசி பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. இதில் பல புத்தகங்கள் முதலில் பத்திரிகைக் கட்டுரையாக வந்தவை. எரன்ரைக்கின் கீ வெஸ்ட் பகுதி 1999 ஜனவரியில் ஹார்ப்பர்ஸ் இதழில் வந்தது, டெஸ்மண்ட் எழுதியதில் ஆர்லீனின் கதை 2016-ல் நியூயார்க்கரில் வந்தது. ஃபாடிமனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, நியூயார்க்கருக்காகத்தான் மெர்செட்டுக்குப் போனார், ஆசிரியர் மாறியதும் கட்டுரை வெளிவராமலே போனது. போனதும் நல்லதாயிற்று, இல்லையென்றால் புத்தகம் வந்திருக்குமோ என்னவோ. எதுவும் வேண்டாம், ஒரே உட்காரலில் முடிகிற மாதிரி ஒன்று கொடுங்கள் என்றால் கே டலீஸ் எஸ்குவயர் இதழில் 1966 ஏப்ரலில் பாடகர் ஃபிராங்க் சினாட்ராவைப் பற்றி எழுதிய கட்டுரை. சினாட்ரா பேட்டி கொடுக்க மறுத்துவிட்டார், அவருக்கு ஜலதோஷம். டலீஸ் அவரைச் சுற்றி இருந்தவர்களிடம் பேசியே முழு மனிதரையும் கட்டி நிறுத்திவிட்டார்.

அக்காவிடம் போனில் முடிவைச் சொன்னேன். வார்டில் இருந்த காலத்தில், ராத்திரி டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு நோயாளியின் தலைமாட்டில் விபூதி வைக்க வருகிறவர்களைத் தான் எத்தனை தடவை பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன் என்று அரைமணி நேரம் பேசினார், புத்தகம் இன்னும் கைக்கே வரவில்லை. மொத்தம் 19 அத்தியாயம். முதல் கூட்டத்துக்கு ஏழாவது அத்தியாயம் வரை, அதாவது குழந்தையை அரசு எடுத்துக்கொண்டு போகிற இடம் வரை, எல்லாரும் படித்துவிட்டு வர வேண்டும். வங்கிக்காரர் எரன்ரைக்கையும் சேர்த்து வாங்கிவிட்டாராம். வடை இந்த மாதம் என் செலவு.